கரண்ட் வைத்த பிறகும் வலிக்கிறதே: எலும்புக்குப் பரவிய புற்றுநோயில் மருந்தும் கதிர்வீச்சும்

"கரண்ட் வைத்துப் பத்து நாளாகிவிட்டது, வலி குறையவே இல்லை. வேலை செய்யவில்லை போலிருக்கிறது." எலும்புக்குப் புற்றுநோய் பரவிய நோயாளிகளின் வீட்டார் அடிக்கடி சொல்வது இது. கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் பேச்சு வழக்கில் கரண்ட் என்கிறார்கள். பத்து நாளில் வலி குறைந்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குறையாது என்றும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குழப்பம் முழுக்க அங்கேதான் தொடங்குகிறது.

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய ஐந்தும்தான் எலும்பைத் தேடிப் போகிற முக்கியமான புற்றுநோய்கள். முதுகெலும்பு, இடுப்பு, விலா, தொடை எலும்பின் மேல்பகுதி, தோள்பட்டைக்குக் கீழே உள்ள கை எலும்பு ஆகிய இடங்களில் வந்து உட்காரும். புற்றுச் செல்கள் நேராக எலும்பைத் தின்பதில்லை. எலும்பை இயல்பாகவே அரித்துப் புதுப்பிக்கும் வேலையைச் செய்கிற ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிட்டு அரிக்க வைக்கின்றன. அந்த அரிப்பில் வெளியாகும் அமிலமும், கட்டியைச் சுற்றி உண்டாகும் அழற்சிப் பொருள்களும், எலும்புறையில் உள்ள நரம்பு முனைகளைச் சீண்டுகின்றன. அதனால் சும்மா படுத்திருக்கும்போது மந்தமான ஒரு வலி, புரண்டாலோ எழுந்தாலோ சுரீரென்று இன்னொரு வலி என இரண்டு விதமாக வரும். இரண்டுக்கும் ஒரே மாத்திரையை ஒரே மாதிரி கொடுத்தால் ஒன்று தணியாது, இல்லையென்றால் நோயாளி தூங்கியே கிடப்பார்.

இதற்கான சிகிச்சைகள் ஒவ்வொன்றும் வேலை செய்ய எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. மார்ஃபின் மாத்திரைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். கதிர்வீச்சுக்கு மூன்று, நான்கு வாரம். ஊசியாகப் போடும் கதிரியக்க மருந்துக்கு ஒன்று முதல் மூன்று வாரம். எலும்பை வலுப்படுத்தும் சோலெட்ரோனிக் அமிலத்தின் பலன் மாதக் கணக்கில்தான் தெரியும். தவறுகளில் பெரும்பகுதி, ஒன்றின் நேரத்தை இன்னொன்றிடம் எதிர்பார்ப்பதால் வருபவை.

முதலில் மார்ஃபின். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்த மூன்று படி முறை பலருக்கும் தெரியும்: பாராசிட்டமால், பிறகு டிரமடால் போன்ற நடுத்தர மருந்து, அதற்கும் மேலே மார்ஃபின். 2018இல் அதே நிறுவனம் வழிகாட்டுதலைத் திருத்தியபோது ஏணியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, வாய் வழியாக, கடிகாரப்படி, ஆளுக்கேற்றபடி, நுணுக்கமாகக் கவனித்துக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கைகளை மட்டும் முன்னால் வைத்தது. நடுப்படியில் நெடுநாள் நின்று தவிப்பதில் பயனில்லை என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. மிதமான புற்றுநோய் வலி உள்ள 240 பேரை வைத்து இத்தாலியில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், குறைந்த அளவு மார்ஃபின் எடுத்தவர்களில் 88.2 சதவீதத்தினருக்கு 28 நாளில் வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தது. நடுத்தர மருந்து எடுத்தவர்களில் அது 54.7 சதவீதம். டிரமடாலுக்கு நாளுக்கு 400 மி.கி. என்ற உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வலிப்பு வரும் ஆபத்து கூடும். மார்ஃபினுக்கு அப்படி ஒரு நிலையான உச்சவரம்பு இல்லை. வலி தணிகிற, பக்கவிளைவு தாங்குகிற அளவே அந்த ஆளுக்கான அளவு.

இங்கே கிடைக்கும் சாதாரண மார்ஃபின் மாத்திரை பெரும்பாலும் 10 மி.கி. முதன்முதலாக எடுப்பவருக்கு 5 மி.கி., அதாவது பாதி மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. மிகவும் வயதானவர், மெலிந்தவர் என்றால் 2.5 மி.கி.கூடப் போதும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று நேரம் வைத்துக்கொள்ளலாம். இரவு 10 மணி வேளையை இரட்டிப்பாகக் கொடுத்தால் நள்ளிரவு 2 மணிக்கு எழுப்பத் தேவையில்லை. வலி வந்த பிறகு கொடுப்பது என்ற பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். வந்த வலியைத் தணிக்க, வரவிடாமல் தடுப்பதைவிடக் கூடுதல் மருந்து தேவைப்படும். கூடவே நோயாளி நாள் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த வலிக்குப் பயந்தபடி இருப்பார்.

இடையில் வலி கிளம்பினால் அதற்கென ஒரு மீட்பு வேளை. நாள் முழுவதற்குமான அளவில் ஆறில் ஒரு பங்கு. நாளொன்றுக்கு 60 மி.கி. எடுப்பவருக்கு 10 மி.கி. ஒரு மணி நேரத்தில் தணியாவிட்டால் இன்னொரு முறை கொடுக்கலாம். எத்தனை முறை கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதி வைப்பது மிக முக்கியம், ஏனென்றால் அடுத்த அளவை மருத்துவர் கணக்கிடுவது அதை வைத்துத்தான். 60 மி.கி. வழக்கமான அளவு, அதோடு மூன்று மீட்பு வேளை என்றால் அன்றைக்கு உடம்பு கேட்டது 90 மி.கி. அடுத்த நாளிலிருந்து வேளைக்கு 15, மீட்பு வேளையும் 15. நோட்டு இல்லாமல் வருபவருக்கு "கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்" என்று குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும். வலி ஒரு நிலைக்கு வந்ததும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாறலாம். அதை உடைக்கவோ, நசுக்கி உணவு செலுத்தும் குழாயில் விடவோ கூடாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து மொத்தமாக ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

குளிப்பாட்டும்போதும் படுக்கை விரிப்பு மாற்றும்போதும் மட்டும் அலறுகிறவர்களுக்கு அன்றாட அளவைக் கூட்டுவது தவறான வழி. அந்த வேலைக்கு அரை மணி முன்னால் மீட்பு வேளையைக் கொடுத்தால் போதும்.

மலச்சிக்கலைப் பற்றிச் சற்று நீட்டியே சொல்ல வேண்டும். மார்ஃபின் தரும் தூக்கக் கலக்கம் இரண்டு மூன்று நாளில் தெளியும். குமட்டல் ஒரு வாரத்தில் அடங்கும், அதுவரை மெட்டோகுளோபிரமைடு உதவும். மலச்சிக்கல் மட்டும் உடம்புக்குப் பழகவே பழகாது. மார்ஃபின் எழுதும் அதே சீட்டில் மலமிளக்கியும் இல்லையென்றால் அந்தச் சீட்டு பாதிச் சீட்டுதான். குடலைத் தூண்டும் பிசாகோடில் அல்லது சென்னா, அதோடு மலத்தை இளக்கும் லாக்டுலோஸ், இரண்டும் முதல் நாளிலிருந்தே. வீட்டில் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் இசப்கோல் இங்கே உதவாது. தண்ணீர் குறைவாகக் குடித்துப் படுத்தே இருப்பவரின் குடலில் அது உப்பிக் கல்லாக அடைத்துக்கொள்ளும். மூன்று நாள் மலம் போகாமல் திடீரென்று தண்ணீராகப் போனால் அதைப் பேதி என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அது இறுகிய மலத்தைச் சுற்றிக் கசியும் நீர். "மார்ஃபின் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்தப்படுவதில் பாதிக்கும் மேல் இந்தக் குடல் விஷயம்தான் என்பது என் கணிப்பு.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபின் உடைந்து உண்டாகும் பொருள்கள் வெளியேறாமல் தேங்கும். கைகால் திடீர் திடீரென்று துள்ளுவதும், இல்லாததைப் பார்த்துப் பேசுவதும் அதன் அடையாளங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் அளவைக் கூட்டக் கூடாது. அவர்களுக்கு ஃபென்டனில் ஒட்டுப்பட்டை போன்றவை பொருத்தம். ஆனால் அது வேலை செய்யத் தொடங்கவே 12 முதல் 24 மணி நேரம் ஆகும், 72 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பட்டையின் மேல் வெந்நீர்ப் பை வைத்தால் மருந்து வேகமாக உள்ளே போய் ஆபத்தாகும். கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சமிருக்கும் என்பதால், ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும். டைக்ளோஃபினாக் போன்ற அழற்சி தணிக்கும் மருந்துகள் எலும்பு வலிக்கு நன்றாகவே கேட்கும், ஆனால் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஏறுகிறவர்களுக்கும் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

"மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்கள்" என்பது தப்பு. வலிக்கு ஏற்ற அளவில் படிப்படியாகக் கூட்டப்படும் மார்ஃபின் மூச்சை நிறுத்துவதில்லை. எழுப்பினாலும் கண் திறக்காத உறக்கம், ஊசிமுனையாகச் சுருங்கிய கண்மணி, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு ஆகியவை தெரிந்தால் மட்டும் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மார்ஃபினின் மூலமான அபினியை விளைவித்து உலகுக்கே ஏற்றுமதி செய்யும் இந்தியாவில், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதே பெரும்பாடாயிற்று. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் வாங்கி வைக்க வழி பிறந்தது. கேரளத்தில் மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் போன்றோர் நெடுங்காலம் போராடியதன் பலன் அது. சட்டம் இளகியும் கைகள் இன்னும் தயங்குகின்றன.

இனி கரண்ட். ஒரே இடத்தில் வலி தரும் எலும்புக்கு 8 கிரே (கதிர்வீச்சின் அளவைச் சொல்லும் அலகு) ஒரே தடவையில் கொடுப்பதும், 30 கிரேயைப் பத்து நாளாகப் பிரித்துக் கொடுப்பதும் வலியைக் குறைப்பதில் சமம். இதைப் போல மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்ட கேள்வி கதிர்வீச்சு மருத்துவத்தில் குறைவு. 1999இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 1,171 பேர். ஒரே தடவை 8 கிரேயையும் ஆறு தடவையாக 24 கிரேயையும் ஒப்பிட்டார்கள். இரண்டு பிரிவிலும் 71 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு மார்பக, புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 898 பேரைக் கொண்டது. 8 கிரே, 30 கிரே இரண்டிலும் பலன் ஏறக்குறைய 66 சதவீதம், உடனடிப் பக்கவிளைவோ ஒரே தடவைக்காரர்களிடம் 10 சதவீதம், பத்து நாள்காரர்களிடம் 17. இன்னொரு வேறுபாடு, பின்னால் மறுபடி கதிர்வீச்சு கொடுக்கப்பட்டவர்கள் ஒரே தடவைப் பிரிவில் 18 சதவீதம், பத்து நாள் பிரிவில் 9. அதிலும் ஒரு பகுதி, "முன்னால் கொஞ்சம்தானே கொடுத்தோம், இன்னும் கொடுக்கலாம்" என்று மருத்துவர்கள் தயங்காமல் முடிவெடுத்ததால் இருக்கலாம்.

இவ்வளவு தெரிந்தும் பத்து நாள் சிகிச்சையே பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. பழக்கம் ஒரு காரணம், தடவைக்கு இவ்வளவு என்று போடப்படும் கட்டணம் இன்னொன்று. குடும்பங்களின் பங்கும் உண்டு: ஒரே தடவை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உட்காரவே முடியாத ஒருவரை வண்டியில் ஏற்றிப் பத்து நாள் அலைக்கழிப்பதைவிட ஒரு நாளில் முடித்து அனுப்புவது குறைந்த அக்கறை ஆகாது. தண்டுவடம் அழுந்தியிருப்பது, அறுவை செய்து கம்பி வைத்த எலும்பு போன்ற நிலைகளில் மட்டும் பல தடவையாகக் கொடுப்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அன்றைய நாளின் நடைமுறை இது. சிகிச்சை மேசை கெட்டியானது, மெத்தை கிடையாது. சி.டி. எடுத்து இடம் குறிக்கும்போதும் சிகிச்சையின்போதும் அசையாமல் இருபது நிமிடமாவது மல்லாந்து படுக்க வேண்டும். கதிர் பாய்வதென்னவோ சில நிமிடம்தான். முதுகெலும்பு வலிக்காரருக்கு அந்தப் படுக்கைதான் சோதனை. ஆகவே உள்ளே கூப்பிடுவதற்கு முப்பது, நாற்பது நிமிடம் முன்பே மார்ஃபின் மீட்பு வேளை கொடுத்திருக்க வேண்டும். வரிசையில் தாமதமாகும் என்பதால் கையில் இன்னொரு வேளையும் வேண்டும். இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்புக்கு என்றால் குடலும் வயிறும் கதிர் வழியில் படும். ஒரு மணி நேரம் முன்பே வாந்தியைத் தடுக்கும் ஒன்டான்செட்ரான் 8 மி.கி. எடுத்தால் பெரும்பாலும் வாந்தி வராது. தோலில் போட்ட மைக்குறியைச் சிகிச்சை முடியும்வரை தேய்த்துக் கழுவக் கூடாது.

பிறகுதான் வீட்டார் பயப்படும் கட்டம். மூன்றில் ஒருவருக்குச் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் சில நாளில் வலி குறையாமல் கூடும். கதிர் பட்ட இடத்தின் வீக்கம் அது, நோய் பெருகியதற்கான அடையாளம் இல்லை. கனடாவில் 298 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன் 8 மி.கி. கதிர்வீச்சுக்கு முன்பு ஒன்றும், அடுத்த நான்கு நாள் தினம் ஒன்றுமாகக் கொடுத்தபோது இந்த எழுச்சி 35 சதவீதத்திலிருந்து 26 ஆகக் குறைந்தது. பெரிய குறைவில்லை. சர்க்கரை நோயாளிக்கு அந்த ஐந்து நாளில் சர்க்கரை எகிறும் என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கொடுத்தால் காலையில் கொடுக்க வேண்டும், மாலையில் கொடுத்தால் தூக்கம் போகும்.

எழுச்சி அடங்கி, மெல்ல மெல்ல மூன்று நான்கு வாரத்தில்தான் முழுப் பலன் தெரியும். அதுவரை பாரத்தைச் சுமப்பது மார்ஃபின். "கரண்ட் வைத்தாயிற்றே" என்று அன்றே மாத்திரையை நிறுத்துவது ஒரு தவறு. மறுபக்கத் தவறு இன்னும் ஆபத்தானது: மூன்றாவது வாரம் கதிர்வீச்சு பலித்து வலி இறங்கிவிடும், மார்ஃபின் மட்டும் பழைய அளவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மூச்சையும் விழிப்பையும் மார்ஃபின் மந்தப்படுத்துவதை வலி தடுத்துக்கொண்டிருந்தது. வலி போனதும் அதே மாத்திரை அதிகமாகிவிடும். மீட்பு வேளையே தேவைப்படாமல், நோயாளி பகலிலும் தூங்கி வழிந்தால், நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டும் முன் மாத்திரையின் அளவைப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கால் பங்கு அளவாகக் குறைத்து வரலாம். சட்டென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, மூக்கொழுகல், பேதி என்று உடம்பு முறுக்கும். அது உடம்பு பழகியதன் விளைவு, போதை அடிமைத்தனம் இல்லை. நான்கு வாரத்துக்குப் பிறகும் பலன் இல்லையென்றால், அல்லது சில மாதம் கழித்து அதே இடத்தில் வலி திரும்பினால், மறுபடி 8 கிரே கொடுக்கலாம்.

காத்திருக்கக் கூடாதவை இரண்டு. தொடை எலும்பில் ஊன்றும்போது மட்டும் வலித்தால் முதலில் எக்ஸ்ரே. எலும்பின் வெளிச்சுவர் நீளவாக்கில் 3 செ.மீ.க்கு மேல் அரிக்கப்பட்டிருந்தால் கதிர்வீச்சு மட்டும் போதாது, உடையும் முன் கம்பி வைப்பதே நல்லது. கதிர்வீச்சு வலியைச் சில வாரத்தில் குறைக்கும், ஆனால் எலும்பு கெட்டிப்பட மாதங்கள் ஆகும். வலி போன தைரியத்தில் நடந்து உடைத்துக்கொள்வது நடக்கக்கூடியதே. இரண்டாவது, முதுகுவலியோடு கால் தளர்வது, மரத்துப் போவது, சிறுநீர் வராமல் அடைப்பது. தண்டுவடம் அழுந்துகிறது. அன்றைக்கே எம்.ஆர்.ஐ., டெக்சாமெத்தசோன், அறுவையா கதிர்வீச்சா என்ற முடிவு. சிகிச்சை தொடங்கும்போது நடக்க முடிந்தவர்தான் பெரும்பாலும் பிறகும் நடப்பார்.

சோலெட்ரோனிக் அமிலம் பற்றிச் சுருக்கமாக: 4 மி.கி., பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். முன்பே பல் மருத்துவரைப் பார்த்துப் பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட வேண்டும், பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். மாதம் ஒரு முறைக்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் போதும் என்று 1,822 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. செலவும் அலைச்சலும் மூன்றில் ஒன்றாகும்.

வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சால் நோயாளியின் உடம்பில் கதிரியக்கம் தங்காது. லீனியர் ஆக்சிலரேட்டரை அணைத்த நொடியில் கதிர் இல்லை. கோபால்ட் இயந்திரத்தில் மூலப்பொருள் கவசத்துக்குள் திரும்பிவிடும். ஊழியர்கள் அறையை விட்டு ஓடுவது, நாள்தோறும் பல நோயாளிகளுக்குக் கொடுக்கிறவர்கள் என்பதால். நோயாளி அன்றே பேரக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம், தட்டும் துணியும் தனியாக வேண்டாம். எலும்பு ஸ்கேன் வேறு கதை. அதில் செலுத்தும் டெக்னீசியத்தின் வீரியம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகும். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்து, அன்று ஒரு நாள் மட்டும் கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் நெருங்காமல் இருந்தால் தீர்ந்தது.

பல எலும்புகளில் பரவிக் கிடந்தால் ஊசி வழியாகக் கதிரியக்க மருந்து. சமேரியம்-153 எடைக்கு ஏற்றபடி கிலோவுக்கு 37 மெகாபெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு), வீரியம் பாதியாக 46 மணி நேரம். ஸ்ட்ரான்சியம்-89 ஆளுக்கு 148 மெகாபெக்கரல், பாதியாக 50 நாள். லுடீசியம்-177 கலந்த ஒரு மருந்தை பாபா அணு ஆராய்ச்சி மையம் குறைந்த செலவில் உருவாக்கியிருக்கிறது, அது பாதியாக ஏழு நாளுக்குச் சற்றுக் குறைவு. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ரேடியம்-223. 921 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் அது வாழ்நாளையும் 11.3 மாதத்திலிருந்து 14.9 ஆக நீட்டியது. ஆனால் அபிராட்டிரோன் என்ற புராஸ்டேட் புற்றுநோய் மாத்திரையோடு சேர்த்துத் தொடங்கியபோது எலும்பு முறிவுகள் கூடின. எல்லாவற்றிலும் எலும்பு மஜ்ஜை அடிபடும் என்பதால் தட்டணுக்களைப் பார்த்த பிறகே போடுவார்கள், பிறகு சில வாரத்துக்கு இரத்தப் பரிசோதனை தொடரும். தண்டுவடம் அழுந்தும் நிலையில் இவற்றைப் போடக் கூடாது. மெதுவானவை, போதாததற்கு வீக்கத்தையும் கிளப்பும்.

இவை உமிழ்கிற பீட்டா, ஆல்ஃபா துகள்கள் திசுவுக்குள் சில மில்லிமீட்டர் கூடப் போகாமலோ, அவ்வளவு மட்டும் போயோ நின்றுவிடும். எனவே பக்கத்தில் உட்கார்வதை விட, கழிவைத் தொடுவதில்தான் கவனம் வேண்டும். ஸ்ட்ரான்சியம் ஊசிக்கு ஈயக் கவசத்தை நேராகப் போடுவதைவிட அக்ரிலிக் கவசம் நல்லது, ஏனென்றால் பீட்டா துகள் ஈயத்தில் மோதினால் எக்ஸ்ரே கிளம்பும். சமேரியத்துக்கோ காமா கதிரும் உண்டு, ஈயம் தேவை. சமேரியமும் ஸ்ட்ரான்சியமும் சிறுநீரில், ரேடியம் மலத்தில் வெளியேறும். ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும். இரண்டு முறை ஃப்ளஷ், அது இல்லாத கழிப்பறையில் தெறிக்காமல் மெதுவாக இரண்டு வாளித் தண்ணீர். நனைந்த துணியைக் கையுறையோடு எடுத்துத் தனியாகத் துவைக்க வேண்டும். சிறுநீர் கட்டுப்படாதவர்களுக்கு ஊசிக்கு முன்பே குழாய் வைத்துவிடுவது எல்லாருக்கும் நல்லது. இந்தக் கவனம் எத்தனை நாள் வேண்டும் என்பதை மருந்தைப் பொறுத்து மருத்துவமனையின் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் எழுதித் தருவார்.

அந்தத் தாளில் மருந்தின் பெயர், அளவு, ஊசி போட்ட தேதி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வேறு மருத்துவமனையில் இரத்தம் எடுப்பவருக்கும், அவசர அறுவை செய்பவருக்கும் அதைக் காட்ட வேண்டும். நோயாளி சில வாரத்துக்குள் இறந்துவிட்டால் தகனத்துக்கு முன்பே ஊசி போட்ட இடத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். எலும்பில் தங்கியது சாம்பலில் இருக்கும். அமெரிக்காவின் அரிசோனாவில் லுடீசியம்-177 சிகிச்சை பெற்ற ஒருவர் சில நாளில் இறந்து தகனம் செய்யப்பட்டார். பிறகுதான் சிகிச்சையளித்தவர்களுக்குச் செய்தி தெரிந்து, தகன அறையின் கருவிகளைச் சோதித்தபோது அவற்றில் கதிரியக்கம் ஒட்டியிருந்தது. அளவு சிறியதுதான். ஆனால் உலையைத் துப்புரவு செய்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அஸ்தியைக் கையால் பொறுக்குகிற நம் வழக்கத்தில் வீட்டாருக்கும்தான். மிச்சமிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளையும் அப்போதே எண்ணி, வாங்கிய இடத்தில் ஒப்படைத்துவிடலாம்.